இரண்டு தலை, மூன்று வயிறு

என் அக்காவைக் கட்டியவர் ஆஸ்பத்திரியில் முடி எடுக்கிறவர். ஆபரேஷனுக்குப் போகிற உடம்பில் எந்த இடத்தில் கத்தி வைக்கப் போகிறார்களோ, அந்த இடத்து முடியை முதலில் எடுத்துச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும். அதுதான் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மாடி, ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற வழியில் ஜன்னல் இல்லாத ஒரே அறை. உள்ளே ஒரு வாஷ்பேசின், சக்கரம் வைத்த ஸ்டூல், ஏற்றி இறக்குகிற கட்டில், சுவரில் ஆணியடித்து மாட்டிய மஞ்சள் பை. வெட்டிய முடியெல்லாம் அந்தப் பைக்குள் போகும். சாயங்காலம் ஆள் வந்து எடுத்துப் போய் எரித்துவிடுவான்.

தினமும் காலை ஆறு மணிக்கு வார்டு சிஸ்டர் ஒரு துண்டுச்சீட்டு கொடுப்பார். அதில் பேர் இருக்காது. கட்டில் நம்பரும், உடம்பில் எந்த இடம் என்பதும் மட்டும்தான். 'பன்னிரண்டு, தலை. பதினேழு, வயிறு. இருபத்தொன்று, வலது கால்.' அத்தானும் வீட்டில் அதே மாதிரிதான் பேசுவார். இன்னிக்கு எப்படி என்று கேட்டால், "ரெண்டு தலை, மூணு வயிறு" என்பார். கறிக்கடைக்காரன் கூட இப்படிச் சொல்ல மாட்டான் என்று அக்கா முகத்தைச் சுளிப்பாள்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு 'மின்னல்' என்று பட்டப்பேர். ஒரு தலைக்கு நாலு நிமிஷம். மெஷினைப் போட்டு நாலு இழுப்பு, அப்புறம் நுரை, பிளேடு, துடைப்பு. படுத்திருக்கிறவர் வலிக்குமா என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் பாதி முடி தரையில் கிடக்கும். அந்தப் பட்டப்பேரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. முரடர் என்று நினைத்துவிடாதீர்கள். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதர். ஆனால் தச்சனுக்குப் பலகை எப்படியோ, அவருக்குத் தலை அப்படி. பலகைக்குப் பயம் உண்டா என்று எந்தத் தச்சன் யோசிக்கிறான்?

அக்கா நேர் எதிர். விடிந்ததும் பத்து நிமிஷம் படுக்கையிலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக் கடவுளிடம் பேசுவாள். அந்த நேரத்தில் வீடே இடிந்தாலும் திரும்ப மாட்டாள். மேலே பெரிய பதவியில் யாரையோ தெரிந்து வைத்திருக்கிறவளைப் போல அத்தான் அவளைக் கேலி செய்வார். பஸ் வரத் தாமதமானால், "உன் ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்கக் கூடாதா?" என்பார். அவளும், "உங்க பேரைச் சொன்னா வர்ற பஸ்ஸும் வராது" என்பாள். ஒரே ஒரு மகள். கல்லூரியில் இரண்டாம் வருஷம். நான் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தேன். வாரத்தில் நாலு நாள் சாப்பாடு அக்கா வீட்டில்தான்.

முதலில் தலைவலி என்றாள். கண்ணாடி மாற்றினோம். பிறகு கையிலிருந்து டம்ளர் நழுவ ஆரம்பித்தது. வயசாகுது இல்ல என்று அவளே சிரித்தாள். நாற்பத்தாறெல்லாம் ஒரு வயசா? ஒரு நாள் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவள், ஈரப் போர்வையோடு அப்படியே சரிந்துவிட்டாள். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் கட்டி. எலுமிச்சம்பழம் அளவு என்று டாக்டர் சொன்னபோது, அத்தான் தன் உள்ளங்கையையே வெறித்துப் பார்த்தார். அத்தான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே அவளைச் சேர்த்தோம்.

ஆபரேஷன் அன்று காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் சீட்டு வந்தது. முதல் வரியே 'எட்டு, தலை' என்று இருந்தது. எட்டாம் கட்டிலில்தான் அக்கா படுத்திருந்தாள். சிஸ்டர் சீட்டை நீட்டிய பிறகுதான் என்ன செய்கிறோம் என்று உணர்ந்து, வேற யாரையாவது வரச் சொல்றேன் என்று தடுமாறினாராம். அக்கா சம்மதிக்கவில்லை. வேற யாரும் வேண்டாம், அவரே எடுக்கட்டும் என்றாள்.

அன்று அந்த அறையில் நானும் இருந்தேன். அக்காவுக்கு இடுப்பு வரை கூந்தல். அத்தான் கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி, பச்சைத் தண்ணீர் கலந்து, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். கூந்தலைப் பின்னி, மேலும் கீழும் கட்டி, பின்னல் சிதறாமல் கழுத்தோரம் வெட்டினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கு முன்னாலும் இடது கையை அவள் நெற்றியில் வைத்துக்கொண்டார். காதோரம் வந்தபோது காதை மடித்துப் பிடித்தார், பிறந்த குழந்தையின் காதைப் பிடிக்கிற மாதிரி. தியேட்டரிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும்.

முடிகிற நேரத்தில் அக்கா கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். "எல்லாருக்கும் இப்படித்தான் பண்ணுவீங்களா?"

அத்தான் கை நின்றது. "ஆமா" என்றார்.

"அப்பச் சரி. பாவம், ஒவ்வொருத்தரும் எவ்வளவு பயந்துபோய் வருவாங்க" என்றாள் அக்கா.

அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் கடைசி. ஆபரேஷன் முடிந்தும் அவளுக்கு நினைவு திரும்பவில்லை. பதினோரு நாள் மெஷின் மூச்சு விட்டது. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அதுவும் நின்றது.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு, மகள் அப்பாவிடம் வந்து, அம்மாவோட பின்னல் எங்கே என்று கேட்டாள். அத்தானுக்குப் புரியவில்லை. அவள் திரும்பவும் கேட்டாள். அப்போதுதான் அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அக்காவைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனதும், அவர் அறைக்குத் திரும்பி வந்து, தரையைக் கூட்டி, கட்டிலைத் துடைத்து, பின்னலை எடுத்து மஞ்சள் பைக்குள் போட்டிருக்கிறார். இருபத்திரண்டு வருடப் பழக்கம். கை தன்பாட்டுக்குச் செய்திருக்கிறது. அன்று சாயங்காலமே அது எரிந்து போயிற்று.

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "உங்களுக்கு அம்மாவும் ஒரு தலைதான்" என்றாள். மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அப்பாவோடு பேச்சு இல்லை. போன் எடுப்பதில்லை. விடுமுறைக்கு என் வீட்டுக்குத்தான் வருவாள்.

அத்தான் அதோடு உடைந்துபோனார். ஒரு நாள் நான் போனபோது, அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, பாத்திரம் கருகிக்கொண்டிருந்தது. அவர் இரண்டடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் அடுப்பை அணைத்தபோதுதான் என்னைப் பார்த்தார்.

"நான் அவகிட்டப் பொய் சொல்லிட்டேன் மச்சான்" என்றார்.

எந்தப் பொய் என்று எனக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த 'ஆமா'வைச் சொல்கிறார். நான் என்னென்னவோ சமாதானம் சொன்னேன். அவள் மனசு நிம்மதியாகப் போகட்டும் என்றுதானே சொன்னீர்கள், அது பொய்யில் சேராது என்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எத்தனை ஆயிரம் பேர் அந்தக் கட்டிலில் படுத்தார்கள், அதில் எத்தனை பேர் தியேட்டரிலிருந்து திரும்பவில்லை, அவர்களையெல்லாம் கடைசியாகத் தொட்ட கை என் கை, ஒரு முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை என்றார். அவள் நம்பினாள், நம்பிக்கொண்டே போனாள் என்றார். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் கடவுளைத் தேடாமலும் இல்லை. அக்கா உட்காருகிற மாதிரி படுக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்த்தார். சுவரிடம் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். ஊரில் உள்ள கும்பிடும் இடம் ஒன்று விடாமல் போய் வந்தார். அவளுக்கு வாசலிலேயே வந்து நின்ற ஆள் எனக்கு மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறார் என்று ஒரு தடவை கோபமாகச் சொன்னார். பிறகு கோபமும் போயிற்று. இளைத்துத் துரும்பானார். சட்டை ஆணியில் மாட்டியது போல் அவர் மேல் தொங்கியது.

லீவு தீர்ந்து வேலைக்குப் போன முதல் நாளே, கை தவறி ஒருவரின் காதோரத்தைக் கீறிவிட்டார். சின்னக் காயம்தான். ஆனாலும் அவரைத் துணி மடிக்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். அடித்தளத்தில் போர்வையும் தலையணை உறையும் மடித்து அடுக்குகிற வேலை. நல்லதாய்ப் போயிற்று என்று நான் நினைத்தேன். அத்தானோ மூன்றாம் வாரம் மேலதிகாரியின் அறை வாசலில் போய் நின்றார். பழைய இடத்துக்கே அனுப்புங்கள் என்று கேட்டார். மேலதிகாரி முடியாது என்றதும், மறுநாளும் போய் நின்றார். ஒன்பது நாள் நின்றார். எதற்கு இந்தப் பிடிவாதம் என்று நான் கேட்டேன்.

"அவகிட்ட ஆமான்னு சொல்லிட்டேன். அதை உண்மையாக்க எனக்கு வேற வழி தெரியல மச்சான்" என்றார்.

பத்தாம் நாள் அனுப்பினார்கள்.

அதன் பிறகு அந்த அறைக்குள் வந்த ஒவ்வொருவருக்கும், அக்காவுக்குச் செய்ததையெல்லாம் செய்தார். தண்ணீர் காய்ச்சினார். முழங்கையால் சூடு பார்த்தார். நெற்றியில் கை வைத்து, இப்ப ஆரம்பிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தார். பேர் கேட்டார். வெட்டிய முடியைக் காகித உறையில் போட்டு, வேணுமா, வேண்டாமா என்று அவர்களிடமோ வீட்டாரிடமோ கேட்டார். இதற்கெல்லாம் நேரம் வேண்டுமே. ஆறு மணிக்கு வரும் சீட்டை ஐந்துக்கே வாங்கிக்கொண்டார். அப்படியும் தாமதம் ஆயிற்று. டாக்டர்கள் சத்தம் போட்டார்கள். தியேட்டர் ஆட்கள் அவருடைய பட்டப்பேரை 'ஆமை' என்று மாற்றினார்கள். இரண்டு தடவை எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அவர் எழுதிக் கொடுத்த விளக்கம் ஒரே வரி: 'அவர்கள் பயந்து போய் வருகிறார்கள்.'

கதையாக இருந்தால் இந்த இடத்தில் அவருக்கு நிம்மதி கிடைத்திருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஐந்து மாதம் இப்படியே செய்தார். ஒவ்வொரு நாளும் முன்னை விட இருண்டுதான் வீடு திரும்பினார். ஆயிரம் பேருக்கு இனிமேல் செய்தாலும் பழைய ஆயிரம் அப்படியே கிடக்கிறது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றார். ஒரு நாள் மத்தியானம் ஆஸ்பத்திரி மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்ததாகச் சொன்னார். ஏன் அங்கே போனீர்கள் என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. அன்றிலிருந்து நான் என் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போய் அவர் வீட்டிலேயே தங்கினேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் ஒரு லாரி டிரைவர் வந்தார். விபத்தில் நசுங்கிய இடது கால் அழுகிக்கொண்டிருந்தது. தொடைக்குக் கீழே எடுத்துவிட வேண்டும். அவர் யாரையும் கிட்டே சேர்க்கவில்லை. ஊசி போட வந்தவர் மேல் தண்ணீர் ஜாடியை வீசியிருக்கிறார். அத்தானின் அறைக்கு இரண்டு பேர் பிடித்துத் தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள். சிஸ்டர் அத்தானின் காதருகே, தொடையில மட்டும் எடுத்தாப் போதும், கீழே போகப் போற கால்தானே, இன்னிக்காவது சீக்கிரம் முடிங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தான் வழக்கம்போல் தண்ணீர் காய்ச்சினார். தொடையைச் சுத்தம் செய்தார். பிறகு அவருக்கே என்ன தோன்றியதோ, கீழே வந்தார். முட்டியைத் துடைத்தார். கட்டுப் போடாத இடமெல்லாம், கெண்டைக்கால், கணுக்கால், குதிகால் என்று ஒவ்வொன்றாக வெந்நீரில் துணி நனைத்துக் கழுவினார். கால் விரல்களின் இடுக்கில் கிரீஸ் கறுத்துப் படிந்திருந்தது. சோப்புப் போட்டு விரல் விரலாக எடுத்தார். நாற்றம் அறை முழுக்க நிறைந்திருந்ததாம். இன்னும் ஒரு மணி நேரத்தில் வாளியில் விழப்போகிற கால் அது.

டிரைவர் தலையைத் தூக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "கிளட்ச் மிதிச்ச கால்" என்றார். பிறகு மெதுவாக, அந்தக் காலோடு எங்கெங்கே போனார் என்று சொல்ல ஆரம்பித்தார். மலைப்பாதையில் பிரேக் போன கதை, மூன்று நாள் மழையில் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்ற கதை, மகள் பிறந்த செய்தி கேட்டு வண்டியை நிறுத்தாமல் ஓட்டின கதை. சொல்லச் சொல்ல அழுதார். அத்தான் கழுவிக்கொண்டே இருந்தார்.

கடைசி விரலைத் துடைக்கும்போது, தன் உதடு அசைந்துகொண்டிருப்பதை அத்தான் கவனித்தார். அந்தக் காலுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். காலுக்கா, டிரைவருக்கா, அந்தக் காலை உண்டாக்கி இத்தனை தூரம் நடக்க விட்டவருக்கா என்று அவருக்கே தெரியவில்லை. எப்போது ஆரம்பித்தது என்றும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் என்னிடம் இதைச் சொன்னபோது அவர் குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "யாரோ கேட்டுக்கிட்டிருந்தாங்க மச்சான். அந்த ரூம்ல நாங்க ரெண்டு பேர் மட்டும் இல்ல." பிறகு, "ஆனா நான் தேடினப்ப அவர் வரல. நான் தேடறதை மறந்து காலைக் கழுவிக்கிட்டிருந்தப்ப வந்தார். இது என்ன நியாயம்னு எனக்குப் புரியல" என்றார். சந்தோஷமாகச் சொல்லவில்லை. அடிபட்டவர் சொல்கிற மாதிரிதான் சொன்னார். சொல்லிவிட்டு, அக்கா இறந்த பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதார். அவர் அழுது ஓயும்வரை நான் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த உணர்வு மறுநாள் திரும்ப வந்ததா என்றால், இல்லை. அடுத்த வாரமும் இல்லை. எப்போதாவது ஒரு தடவை, மாதத்தில் ஒரு தலைக்கோ ஒரு வயிற்றுக்கோ, அக்காவின் அந்த ஆள் அறைக்குள் இருப்பது தெரிகிறது என்பார். மற்ற நாளெல்லாம் வெந்நீரும் முடியும்தான். இருந்தாலும் அவர் மொட்டை மாடிப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் தன் தட்டில் தானாகவே இரண்டாவது தடவை சாதம் போட்டுக்கொண்டார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

போன மாதம் எனக்கே குடலிறக்கம் என்று ஆபரேஷன். சீட்டில் நான் 'பதினாலு, அடிவயிறு'. வெட்கத்தில் எனக்கு உயிரே போயிற்று. இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர் முன்னால் எப்படிப் படுப்பது? கண்ணை மூடிக்கங்க அத்தான் என்றேன். கண்ணை மூடிக்கிட்டா நீ வேற சங்கடத்துல மாட்டிக்குவ என்றார். ஈரத் துணி இதமாக வயிற்றில் பட்டது. அவர் உள்ளங்கை வந்து நிலையாக உட்கார்ந்தது. எனக்கு ஆபரேஷன் பயம் இருந்தது என்பதே, அது விலகியபோதுதான் தெரிந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் முகத்தில் அமைதி ஒன்றும் இல்லை. பாரம் தூக்குகிறவன் முகம் போல இறுகியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் பார்வையாளர் நேரத்தில் அக்கா மகள் என்னைப் பார்க்க வந்தாள். கொஞ்ச நேரத்தில் அத்தானும் வந்துவிட்டார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவர். பதினாலு மாதத்துக்குப் பிறகு இருவரும் ஒரே இடத்தில். நான் எதை எதையோ உளறிக்கொண்டிருந்தேன், தையல் வலி, ஆஸ்பத்திரிக் காப்பி, பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டை என்று.

அவள் என்னைப் பார்த்தே சொன்னாள். "மாமா, அவர் சட்டையில ரெண்டாவது பட்டன் இல்ல. சொல்லுங்க."

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தான் குனிந்து பார்த்தார். அவரும் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். "பட்டன் வீட்லதான் இருக்கு மச்சான். ஊசி நூல் பெட்டியை அவ அம்மா எங்க வெச்சான்னு எனக்குத் தெரியல. தேடிப் பார்த்துட்டேன்."

தாழ்வாரத்தில் யாரோ டிராலி தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் தன் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். இந்தத் தடவை அவரைப் பார்த்துச் சொன்னாள்.

அவ்வளவுதான் நடந்தது. எங்கே இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வார்டு ஆள் வந்து அவசர கேஸ் என்று கூப்பிட்டதும் அத்தான் போய்விட்டார். அவள் மணி அடிக்கும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு விடுதிக்குத் திரும்பினாள். இன்னும் வீட்டுக்கு வரவில்லை. நேற்று அத்தான் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். பட்டன் இல்லாத அதே சட்டையைத்தான் துவைத்துப் போட்டிருந்தார்.